உஷார்! காதில் நிற்காத இயர்போன்

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் வேலை முடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தங்கவயல் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, இதைப் படித்துவிட்டுப் போங்கள். காதில் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டே இருக்கிறதே ஒரு இயர்போன், அதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். காது கெடுகிற கதை அந்த நழுவலில்தான் ஆரம்பிக்கிறது.

காதுத் துளைக்கும் இயர்போனுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தால் போதும். ரயிலின் தடதடப்பு அதன் வழியே உள்ளே நுழையும், பாட்டின் தாளச் சத்தம் வெளியே ஒழுகும். கை தானாக வால்யூமைக் கூட்டும். ஊர்காம், கோரமண்டல் வரை பாதியில் இருக்கும் சத்தம், பங்காரப்பேட்டை தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் முக்காலுக்கு ஏறும். கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் முழுசு. நடுவில் ஃபோனே ஒரு எச்சரிக்கை காட்டும், இதற்கு மேல் போனால் காதுக்கு ஆபத்து என்று. கட்டைவிரல் அதைப் படிக்காமலே ஓகே சொல்லிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிடம், அதுவும் வாரம் முழுக்கச் சேர்த்து. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போக வர நாலு மணி நேரத்துக்குக் குறையாது. 90இல் வைத்துக் கேட்பவருக்கு அந்த வாரத்து ஒதுக்கீடு திங்கட்கிழமை ராத்திரியே தீர்ந்துபோகிறது. 100இல் வைத்தவருக்குப் பங்காரப்பேட்டை வரும்போதே தீர்ந்துவிடும்.

இதை வேறு எந்த ஊருக்குச் சொன்னாலும் புதுச் செய்தி. தங்கவயலுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் காற்று டிரில் 110 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தோளோடு அணைத்துப் பிடித்து ஷிப்ட் ஷிப்டாக நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 85 டெசிபல் எச்சரிக்கை எல்லை, 90 ஆபத்து எல்லை என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் சுற்றறிக்கை விட்டது 1975இல். அதற்குள் தலைமுறைகள் இறங்கி ஏறி முடித்திருந்தன. 2001 பிப்ரவரி 28இல் மைன்ஸை மூடினார்கள். போன காதுகள் திரும்பவில்லை. தாத்தா டிவியை அலறவிடுகிறார் என்று எரிச்சல்படும் பேரன்தான், காசு கொடுத்து வாங்கிய கருவியால் அதே வேலையைத் தனக்குச் செய்துகொள்கிறான்.

உட்காதில் ஒலியைப் பிடிக்கும் மயிரணுக்கள் காதுக்குச் சுமார் 15,000. செத்தால் முளைக்காது. முதலில் போவது கீச்சுக்குரல் ஒலிகள். அதனால்தான் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது மட்டும் பிடிபடாது.

சரி, நிற்கிற இயர்போனை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் கேட்டுப் பயனில்லை. ராபர்ட்சன்பேட்டையானாலும் பெங்களூர் எஸ்.பி. ரோடானாலும் பேச்சு ஒன்றுதான்.

"அண்ணா, காதுல நிக்கவே மாட்டேங்குது."

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தாம்மா. போகப் போக செட்டாயிடும்."

ஆகாது. காது வளைந்து கொடுக்காது. பெட்டியின் அடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் உறை இருக்கும். அதில் சின்னதும் பெரியதுமாக ரப்பர் முனைகள். பெரும்பாலானோர் பெட்டியோடு சேர்த்து அதையும் குப்பையில் போடுகிறார்கள். கம்பெனியில் மாட்டி அனுப்புவது நடுத்தர அளவு. நிறையப் பெண்களுக்கு அது பெரிது. ஒரே ஆளுக்கு இடது காது ஒரு அளவு, வலது காது ஒரு அளவாக இருப்பதும் சகஜம். இரண்டு பக்கமும் வேறு வேறு முனை போட்டுக்கொண்டால் யாரும் சிரிக்கப் போவதில்லை.

போடுவதிலும் விஷயம் இருக்கிறது. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள், துளை நேராகும். அப்போது உள்ளே வைத்து மெல்லத் திருப்பி விடுங்கள். தவில் சத்தமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு இயர்போனை விரலால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் தவில் கனத்தால் முனை சின்னது. அரை மணியில் காது வலித்தால் பெரிது. வாயை அசைத்துப் பாருங்கள்; தாடை அசைய அசையக் காதுத் துளையும் அசையும், வேர்க்கடலை கொறித்துக்கொண்டே கேட்பவருக்கு இயர்போன் கழன்று விழுவது அதனால்தான். அப்படிப்பட்டவருக்கு நசுக்கி வைத்தால் உப்பிக்கொள்ளும் ஸ்பாஞ்சு முனை நன்றாக நிற்கும். ரப்பர் முனையே இல்லாத வழவழப்பு மாடல் காதை அடைக்கவே அடைக்காது. வீட்டுக்குச் சரி, ரயிலுக்கு வேண்டாம்.

ஆனால் கச்சிதமாக அடைத்த காதுக்கு ரயில் ஹாரனும் கேட்காது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் ஆளில்லா கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். டிரைவர் இயர்போன் போட்டிருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அனுமதியில்லாத இடத்தில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவதே ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். வண்டி நிற்கும் முன்பே இரண்டையும் கழற்றிப் பையில் போடுங்கள். படிக்கட்டில் நிற்கும்போது வயரில்லா இயர்போன் ஒன்று நழுவினால் கையை நீட்டாதீர்கள், போகட்டும். வாசலை விட மனமில்லாதவர்கள் கழுத்துப்பட்டி மாடலாவது வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்தாலும் நெஞ்சில்தான் விழும்.

ரப்பர் முனை காதுக்குள்ளேயே மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. ஹேர்பின், ஊக்கு, எண்ணெய், பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை எதுவும் வேண்டாம். குடையக் குடைய அது செவிப்பறையை நோக்கித்தான் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிடுவார்.

ரயிலை விட்டு இறங்கிய பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால் மறுநாள் இயர்போனைத் தொடாதீர்கள். தூங்கி எழுந்தும் அடங்காவிட்டால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே ஓடுங்கள். விமானத்தை விட்டு இறங்கியபோது எதுவுமே கேட்காமல் போனதாக 2024இல் பாடகி அல்கா யாக்னிக் சொன்னார். அவருக்குக் காரணம் வைரஸ். ஆனாலும் ஹெட்போனும் உரத்த இசையும் ஜாக்கிரதை என்று ரசிகர்களை எச்சரித்தார். அழுக்கு அடைத்திருக்கும், தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால், முதல் சில நாட்களில் கேட்கிற மருந்து பிறகு கேட்காது.