லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் தோட்டா ஏறாமை: காரணமறியும் முறை

ஆய்வுச்சுருக்கம்

போல்ட்டைக் கையால் இயக்கிச் சுடும் ரைஃபிள்களில் தோட்டா, பெட்டியிலிருந்து அறைக்குள் ஒழுங்காக ஏறாமை ஒரு முதன்மையான பழுதாகும். .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைச் சான்றாகக் கொண்டு இப்பழுதின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. தடை எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்பதை வரையறுத்த பின்னரே உறுப்புகளைத் திருத்த முற்பட வேண்டும் என்பதும், லீ-என்ஃபீல்டில் தோட்டாக்களை அடுக்கும் முறையே இயங்கமைப்பின் ஒரு பகுதி என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: தோட்டா, விளிம்பு, தோட்டாப்பெட்டி, போல்ட், லீ-என்ஃபீல்டு.

முன்னுரை

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற பெட்டி அமைப்பு, 1888இல் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் வழியாகப் பிரித்தானியப் படையில் இடம்பெற்றது. 1895இல் லீ-என்ஃபீல்டு அதன் வழியில் வந்தது. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் இவ்வகை ரைஃபிள் உருவாக்கப்பட்டது. இந்தியக் காவல்துறைகளில் 'த்ரீ நாட் த்ரீ' என்னும் பெயரால் இது நெடுங்காலம் வழங்கியது. ஆபத்து வேளையில் தோட்டா ஏறாவிடில் அதனை ஏந்தியவரின் உயிருக்கே இடர் நேரும். ஆதலின் இப்பழுதை முறையாக ஆராய்தல் தேவையாகிறது.

1. தோட்டா ஏறும் நான்கு கட்டங்கள்

தோட்டா ஏறுதல் ஒரே செயலாகத் தோன்றினும் நான்கு கட்டங்களை உடையது. முதலாவதாக, பெட்டியின் அடியிலுள்ள ஸ்பிரிங், மேடை எனப்படும் தகட்டை உயர்த்தி, மேல்தோட்டாவின் விளிம்பைப் போல்ட்டின் பாதையில் நிறுத்துகிறது. இரண்டாவதாக, முன்னேறும் போல்ட் அவ்விளிம்பைத் தள்ளுகிறது. மூன்றாவதாக, குண்டின் முனை சரிவில் ஏறி அறைவாயை நோக்குகிறது. நான்காவதாக, தோட்டா அறையில் முழுதும் அமர, போல்ட்டின் கைப்பிடி கீழிறங்கிப் பூட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். லீ-என்ஃபீல்டில் சுடுமுள்ளின் ஸ்பிரிங், போல்ட்டை மூடும்போதே இறுகுகிறது. எனவே மூடும் அசைவின் இறுதிப்பகுதியில் உணரப்படும் எதிர்ப்பு இயல்பானதே. அதனைப் பழுதெனக் கொள்ளலாகாது.

2. விளிம்பால் எழும் சிக்கல்

.303 தோட்டாவின் கூடு அடிப்பகுதியில் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் விளிம்பின் விட்டமோ ஏறத்தாழ 13.7 மில்லிமீட்டர். எனவே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விளிம்பு துருத்தி நிற்கிறது. மேல்தோட்டாவின் விளிம்பு, அதற்குக் கீழுள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருப்பின் அது தடையின்றி முன்செல்லும். பின்னால் இருப்பின், கீழ்விளிம்பில் மாட்டி இரண்டு தோட்டாக்களும் ஒருங்கே இழுபடும். இந்நிலையில் போல்ட்டை வலிந்து தள்ளுவது சிக்கலை மேலும் இறுக்கும்.

இச்சிக்கலைப் பல்வேறு நாட்டினர் பல்வகையில் எதிர்கொண்டனர். 1891ஆம் ஆண்டின் உருசிய மோசின் ரைஃபிளில், கீழ்த்தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனி உறுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. 1898ஆம் ஆண்டின் செருமானிய மௌசர், துருத்தும் விளிம்பற்ற தோட்டாவையே கையாண்டது. .303 தோட்டாவைப் பயன்படுத்திய பிரென் துப்பாக்கியின் பெட்டி வளைவாக அமைந்ததற்கும் விளிம்பே காரணம். லீ-என்ஃபீல்டு, தோட்டா அடுக்கப்படும் ஒழுங்கையே பெரிதும் சார்ந்திருந்தது.

3. அறிகுறிகளும் காரணங்களும்

3.1. போல்ட் தோட்டாவைத் தொடாமல் கடத்தல்: இது முதற்கட்டப் பழுது. பழைய வகைகளில், பெட்டியை மறைக்கும் தடுப்புத் தகடு உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் காண வேண்டும். 1916இன் மூன்றாம் மார்க் விண்மீன் வகையில் இத்தகடு நீக்கப்பட்டது. போல்ட் முழுமையாகப் பின்னிழுக்கப்படாவிடினும் இதே விளைவு நேரும். இவ்விரண்டும் இல்லையெனில் பெட்டியைக் கீழிருந்து கையால் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தும்போது மட்டும் தோட்டா ஏறினால், பெட்டியைத் தாங்கும் கொக்கி தேய்ந்து பெட்டி தாழ்ந்திருப்பது புலனாகும். இறுதித் தோட்டாக்கள் மட்டும் ஏறாவிடின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கக்கூடும்.

3.2. இரு தோட்டாக்கள் ஒருங்கே வருதல்: பெட்டி நிறைந்திருக்கும்போது இது நேர்ந்தால் விளிம்புகளின் ஒழுங்கை ஆராய வேண்டும். ஒழுங்கு சரியாக இருந்தும் தொடர்ந்தால், பெட்டியின் வாய்மடிப்புகள் விரிந்து தோட்டாவை உரிய காலத்திற்கு முன்னரே விடுவிக்கின்றன எனக் கருதலாம்.

3.3. குண்டின் முனை முட்டிநிற்றல்: முனையில் பதிந்த கீறல் இதற்குச் சான்றாகும். முனை தாழ்ந்து முட்டினால், மேடையின் முன்பகுதி சாய்ந்திருத்தல், முன்மடிப்பு வளைந்திருத்தல் ஆகியவற்றை நோக்க வேண்டும். குண்டின் வடிவமும் கருதத்தக்கது. 1910இல் அறிமுகமான ஏழாம் மார்க் தோட்டாவின் குண்டு கூர்முனையுடையது. அதற்கு முந்தையதோ மழுங்கிய முனையுடையது. ஒன்றுக்குப் பொருந்திய பெட்டி மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

3.4. தோட்டா அறைக்குள் சென்றும் போல்ட் பூட்டாமை: இங்குப் பெட்டியின் பங்கு முடிந்துவிட்டது. அறையிலுள்ள அழுக்கு, நசுங்கிய கூடு, அளவு மிகுந்த தோட்டா ஆகியவற்றுள் காரணத்தைத் தேட வேண்டும்.

4. சோதிக்கும் ஒழுங்கு

சோதனைக்கு மருந்தற்ற பயிற்சித் தோட்டாக்களையே பயன்படுத்த வேண்டும். அறையும் பெட்டியும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது முதற்பணி. பின்னர் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணிட்டு, எத்தனையாவது தோட்டாவில் தடை நேர்கிறது என்பதைக் குறிக்க வேண்டும். அடுத்து வேறொரு பெட்டியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். புதிய பெட்டியில் தடை நீங்கினால் பழுது பழைய பெட்டியைச் சார்ந்தது. நீங்காவிடின் ரைஃபிளையோ தோட்டாவையோ சார்ந்தது. எனினும் லீ-என்ஃபீல்டின் பெட்டி கழற்றத்தக்கதாயினும், மாற்றி மாற்றிப் பொருத்துவதற்கென வழங்கப்பட்டதன்று. 5 தோட்டாக்கள் கொண்ட சார்ஜர் இரண்டால் மேலிருந்தே அது நிரப்பப்பட்டது. பெட்டி அந்தந்த ரைஃபிளுக்கேற்பப் பொருத்தப்பட்டமையால், வேற்றுப் பெட்டி பொருந்தாமை ரைஃபிளின் குறையாகாது.

வாய்மடிப்புகளை வளைத்தல், சரிவைத் தேய்த்தல் போன்றவை மீட்க இயலாத மாற்றங்கள். அவற்றைப் பயிற்சி பெற்ற ஆர்மரரே செய்தல் வேண்டும். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட அளவினதாகையால், இப்பணி காவல்துறை, படைத்துறை ஆர்மரர்களுக்கே உரியது.

முடிவுரை

1962 போருக்குப் பின்னர் இச்சாப்பூரில் உருவான 2ஏ1 ரைஃபிள், லீ-என்ஃபீல்டின் அமைப்பைத் தக்கவைத்துக்கொண்டு, துருத்தும் விளிம்பற்ற 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியது. அதற்கேற்பப் பெட்டியும், கூட்டை வெளியிழுக்கும் கொக்கியும் மாற்றப்பட்டன. தோட்டா, பெட்டி, போல்ட் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இது தக்க சான்று. தடை நேர்ந்த கட்டத்தை அறியாமல் அரத்தை எடுப்பவர், நல்ல உறுப்பையும் பழுதாக்குவார். கட்டத்தை அறிந்தவருக்கோ பல வேளைகளில் தோட்டாக்களை மீண்டும் முறையாக அடுக்குவதே போதுமானதாகும்.