நுண்ணுயிரியல், தடுப்பாற்றலியல் பாடநூல் தேர்வும் தமிழாக்கச் சிக்கல்களும்

மருத்துவ மாணவர்க்கு எந்தப் பாடநூலைப் பரிந்துரைப்பது என்பது மருத்துவப் பேராசிரியர்கள் தமக்குள் முடிவு செய்துகொள்ளும் செய்தியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அந்நூலைத் தமிழாக்கும் வேலை தொடங்கும்போதுதான் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அழைக்கப்படுகின்றனர். அதற்குள் மூலநூல் முடிவாகிவிட்டிருக்கும். நுண்ணுயிரியல், தடுப்பாற்றலியல் ஆகிய இரு துறைகளைப் பொறுத்தவரை இந்த வரிசைமுறை பொருத்தமானதன்று. இவ்விரு துறைகளிலும் ஒரு நூலின் அமைப்பும் அதன் உரைநடையும், அது தமிழில் நிற்குமா நிற்காதா என்பதைப் பெரிதும் முடிவு செய்துவிடுகின்றன.

தமிழில் மருத்துவப் பாடநூல் எழுதும் முயற்சி புதியதன்று. 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயை நடுவமாகக் கொண்டு 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழாக்கினார். ட்ரூயிட்டின் அறுவை மருத்துவக் கைநூல் ‘இரண வைத்தியம்’ என 1867இல் வந்தது. ஹூப்பரின் கைநூல் ‘வைத்தியாகரம்’ ஆயிற்று. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் வேதியியல் நூலும் வெளிவந்தது. இத்தேர்வில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ட்ரூயிட், ஹூப்பர் இருவருடைய நூல்களும், மருத்துவர் கைக்கடக்கமாக வைத்துக்கொள்ள எழுதப்பட்டவை. துறையறிவு முழுவதையும் திரட்டிவைக்கும் பெருநூல்கள் அல்ல. கற்பவர் யார், கற்றபின் எங்கே மருத்துவம் செய்யப்போகிறார் என்பதை எண்ணிச் செய்த தேர்வாகவே இது தோன்றுகிறது.

ஆயினும் கிரீனின் நூல்வரிசையில் நுண்ணுயிரியல் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882இல். கிராம் தம் சாயமேற்று முறையை வெளியிட்ட 1884ஆம் ஆண்டில்தான் கிரீன் மறைந்தார். ஆகவே உடற்கூற்றியலுக்கும் அறுவை மருத்துவத்திற்கும் கிடைத்தது போன்ற ஒரு பழைய சொல்வைப்பு நுண்ணுயிரியலுக்குக் கிட்டவில்லை. அதன் தமிழ்ச் சொற்கள் பிற்காலத்தில் பள்ளிப் பாடநூல்கள், கலைச்சொல் பட்டியல்கள், இதழ்கள் வழியாக, தமிழ்நாட்டில் ஒரு வகையாகவும் இலங்கையில் வேறொரு வகையாகவும் உருவாயின. இந்த இரட்டை மரபு பின்னர் விளக்கப்படும் சிக்கல்களுள் சிலவற்றுக்கு அடிப்படையாகும்.

நூல்களின் அமைப்பு

மருத்துவ நுண்ணுயிரியல் நூல்களைப் பொதுவாக இருவகைப்படுத்தலாம். உயிரியை அடிப்படையாகக் கொண்டவை முதல் வகை. ஒவ்வொரு கிருமிக்கும் ஓர் இயல். அதில் உருவம், வளர்ப்பு ஊடகம், நோயுண்டாக்கும் முறை, ஆய்வகச் சோதனை, மருத்துவம் என்ற வரிசை மாறாமல் வரும். 1978இல் முதற்பதிப்புக் கண்ட அனந்தநாராயணன், பணிக்கர் இருவரின் நூல் இவ்வகையில் இந்திய மாணவர்க்கு மிக அறிமுகமானது. 1954 முதல் பல பதிப்புகள் கண்ட ஜாவெட்ஸ் முதலியோரின் அமெரிக்க நூலும் இவ்வகையினதே. இரண்டாம் வகை நோய்நிலையை அல்லது உடல் மண்டலத்தை அடிப்படையாகக் கொண்டது. 1993இல் வந்த மிம்ஸ் முதலியோரின் நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோயாளி ‘எனக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. காய்ச்சல் என்றும் இருமல் என்றும்தான் வருகிறார் என்பது இவ்வமைப்பின் நியாயம். 2019இல் இந்தியாவில் திறனடிப்படைப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபின் இங்கு எழுதப்படும் நூல்களும் இவ்வமைப்பை நோக்கி நகர்ந்துள்ளன.

கற்பித்தல் நோக்கில் இரண்டாம் வகையே சிறந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மொழிபெயர்ப்பு நோக்கிலோ நிலை வேறு. முதல் வகை நூலில் ஓர் உயிரி பற்றிய செய்திகள் யாவும் ஓரிடத்தில் உள்ளன. பத்து இயல்களைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் குழப்பம் குறைவு. இரண்டாம் வகையில் ஒரே கிருமி தோல் நோயிலும் நிமோனியாவிலும் உணவு நச்சுமையிலும் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘உறைகாரணி’ என்று எழுத, மற்றொருவர் ‘கட்டிப்படு நொதி’ என்று எழுதினால், அவை இரண்டும் ஒன்றுதான் என்பது மாணவர்க்குத் தெரிய வழியில்லை. இத்தகைய நூலைத் தேர்ந்தெடுத்தால், முதல் இயலைத் தொடுமுன்பே கலைச்சொல் தொகுதியை முடித்திருக்க வேண்டும். இதற்கான காலத்தையும் செலவையும் திட்டமிடாமல் தேர்வு செய்வது வீண்.

தடுப்பாற்றலியலில் நூல்களுக்குக் குறைவில்லை. ராய்ட்டின் நூல் 1971இல் வந்தது. 1990களின் முற்பகுதியில் அப்பாஸ் முதலியோர், கூபி, ஜேன்வே ஆகியோரின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இவற்றுள் ஜேன்வேயின் நூல் ஆய்வு மாணவர்க்கு உரியது. சோதனைகளின் வழியே கருத்தை நிறுவிச் செல்வது. இளநிலை மருத்துவ மாணவர்க்கோ தடுப்பாற்றலியல் நுண்ணுயிரியல் தாளின் ஒரு பகுதியே. அவர்களுக்கு, அப்பாஸும் லிக்ட்மனும் 2001இல் சுருங்க எழுதிய அடிப்படை நூல் போன்ற ஒன்று போதுமானது. பெரிய நூலைத் தமிழாக்குவதில் பெருமை உண்டு. படிப்பவர் இல்லாத பெருமை அது.

பதிப்பின் வயதும் தேர்வில் இடம்பெற வேண்டிய ஒன்று. ஜேன்வே 1989இல் முன்வைத்த கருத்தும், 1990களில் டோல் வகை ஏற்பிகள் கண்டறியப்பட்டதும் இயல்பான தடுப்பாற்றல் பற்றிய பார்வையையே மாற்றின. இத்துறைக்கு 2011இல் நோபல் பரிசும் கிடைத்தது. இதற்கு முந்தைய நூல்களில் அப்பகுதி தோல், கண்ணீர், வயிற்று அமிலம் என ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். நியூமோசிஸ்டிஸ் முன்பு ஒற்றைச் செல் விலங்குயிரியாக எண்ணப்பட்டது. இன்று அது பூஞ்சை. குளோஸ்ட்ரிடியம் டிஃபிசைல் 2016இல் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் ஆயிற்று. தமிழாக்கத்திற்கு ஆகும் ஆண்டுகளையும் கணக்கிட்டால், தேர்ந்தெடுக்கும் நாளில் புதிதாக இருக்கும் பதிப்பே அச்சேறும் நாளில் பழையதாகியிருக்கும்.

சொல்லும் பொருளும்

‘எதிர்’ என்ற ஒரு சொற்கூறு இத்துறைகளில் சுமக்கும் பாரம் வியப்பூட்டுவது. ‘கிராம் எதிர் பாக்டீரியாவின் நுண்ணுயிரெதிர்ப்பு மருந்தெதிர்ப்பு, நோயாளியின் நோயெதிர்ப்பாற்றலையோ எதிர்ப்பொருள் உருவாக்கத்தையோ சார்ந்ததன்று’ என்ற தொடரைக் காண்க. வழக்கிலுள்ள சொற்களையே கொண்டு, இலக்கணப் பிழையின்றி அமைந்த தொடர் இது. இதில் ஐந்து இடங்களில் ‘எதிர்’ வருகிறது. மூலமொழியில் அவ்விடங்களில் நான்கு வேறு கூறுகள் நிற்கின்றன. நுண்ணுயிரின் எதிர்ப்பு நோயாளிக்குக் கேடு. நோயாளியின் எதிர்ப்பு அவருக்கு நன்மை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பாடநூல் மாணவரைத் தடுமாற வைக்கும். கிராம் சாயமேற்றத்திற்கு ‘நேர், மறை’ என்றும், நோயாளியின் ஆற்றலுக்குத் ‘தடுப்பாற்றல்’ என்றும் கொண்டு, ‘எதிர்ப்பு’ என்பதை மருந்துக்கு மசியாத கிருமியின் தன்மைக்கு மட்டும் ஒதுக்கினால் பெருமளவு தெளிவு கிடைக்கும். ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்ற சொல் மருந்தைக் குறிக்க உதவுமெனினும், கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் மருந்துகளுக்கு அது பொருந்தாது.

சொற்பிறப்பைப் பின்பற்றி ஆக்கிய சொற்கள் எல்லாம் அறிவியலுக்குப் பொருந்தும் என்று கருதுவதற்கில்லை. வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். ஆகவே ‘நச்சுயிரி’ சொற்பிறப்புக்கு உண்மையானது. ஆனால் பாடநூலில் நச்சு என்பது டிப்தீரியா, டெட்டனஸ் போன்ற பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருளுக்குரிய சொல். நச்சுயிரி என்று பெயர் பெற்றது நச்சுச் சுரந்து நோய் உண்டாக்குவதன்று. நச்சுச் சுரப்பதோ நச்சுயிரி அன்று. 2020இல் பெருந்தொற்றின்போது பரவிய ‘தீநுண்மி’ இக்குழப்பத்தினின்று விடுபட்டது. எனினும் ‘வைரஸ்’ என்பதன் பரவலான வழக்கை அது அகற்றிவிடவில்லை.

‘எதிர்ப்பொருள் தூண்டி’ என்பதும் இத்தகையதே. ஆன்டிஜென் என்ற சொல்லின் பிறப்பை அது அப்படியே காட்டுகிறது. ஆனால் பென்சிலின் மூலக்கூறு தனித்து நின்று எதிர்ப்பொருளைத் தூண்டுவதில்லை. உடற்புரதம் ஒன்றோடு பிணைந்த பின்னரே தூண்டுகிறது. இத்தகைய ஹாப்டென்களைக் கற்பிக்கும் இயலில், எதிர்ப்பொருளோடு பிணைவது ஒரு பண்பு, அதைத் தூண்டுவது மற்றொரு பண்பு என்பதே பாடம். ‘தூண்டி’ என்று முதல் இயலில் பெயரிட்டுவிட்டு, ‘தூண்டாத தூண்டி’ என்று பின்னர் விளக்க நேரும். இங்கு ‘ஆன்டிஜென்’ என்று ஒலிபெயர்ப்பதே நேர்மையான வழி.

இலங்கை வழக்கில் எதிர்ப்பொருளைப் ‘பிறபொருளெதிரி’ என்பர். அயற்பொருளை எதிர்ப்பது என்ற வரையறையையே தன்னுள் கொண்ட அழகிய சொல். பள்ளி மாணவர்க்கு மிகவும் ஏற்றது. ஆயினும் உடல் தன் உறுப்பையே தாக்கும் நோய்களைக் கற்பிக்கையில், ‘தன்பொருளை எதிர்க்கும் பிறபொருளெதிரி’ என்ற முரண்தொடர் பிறக்கிறது. ‘எதிர்ப்பொருள்’ வரையறை கூறாத வெறுஞ்சொல். அந்த வெறுமையே இங்கு அதற்கு வலிமை. ‘தன் எதிர்ப்பொருள்’ என்று தடையின்றி நீள்கிறது.

‘ஒவ்வாமை’ மக்கள் வழக்கில் வேரூன்றிய நல்ல சொல். கெல், கூம்ப்ஸ் ஆகியோர் 1963இல் வகுத்த நான்கு மிகையுணர்வு வகைகளில் முதல் வகைக்கே அது பெரிதும் பொருந்தும். நான்கிற்கும் அதையே வழங்கினால், காசநோய்க்கான மாண்டூ சோதனையில் தோல் தடிப்பதும் ஒவ்வாமை ஆகிவிடும். அதைப் படித்த மருத்துவர் நோயாளியிடம் ‘உங்களுக்கு ஒவ்வாமை இருக்கிறது’ என்று சொன்னால், நோயாளி அதை ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று புரிந்துகொள்வார். நோய்க்கிருமியை உடல் முன்பே சந்தித்திருக்கிறது என்ற செய்தி அவரைச் சென்றடையாது.

எழுத்தும் ஒலிபெயர்ப்பும்

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தி மருத்துவ நூல்கள் வெளியிடப்பட்டபோது, ஆங்கிலக் கலைச்சொற்களைப் பெரும்பாலும் தேவநாகரி எழுத்தில் அப்படியே எழுதும் முறை பின்பற்றப்பட்டது. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் இருசொற்பெயர்கள், ஆட்பெயர் வழிப் பிறந்த சொற்கள் போன்றவற்றை ஒலிபெயர்க்கவே பரிந்துரைக்கிறது. தேவநாகரிக்கு இயல்பாகப் பொருந்தும் இக்கொள்கை தமிழ் எழுத்தமைப்பில் அதே பயனைத் தருவதில்லை. தமிழில் வல்லினத்தின் ஒலிப்புடைமைக்கும் ஒலிப்பின்மைக்கும் தனி வரிவடிவம் இல்லை. மற்ற துறைகளில் இது சிறு இடையூறு. தடுப்பாற்றலியலோ ஒற்றை எழுத்துகளால் பெயரிட்டுக்கொண்ட துறை. தைமஸில் முதிரும் செல்லும் ‘டி’; இம்யூனோகுளோபுலின் வகைகளில் ஒன்றும் ‘டி’; வைட்டமின் ஒன்றும் ‘டி’. பறவைகளின் பர்சா என்ற உறுப்பால் பெயர் பெற்ற செல் ‘பி’ ஆகிறது. அந்த எழுத்து எந்த ஒலிக்கு நின்றது என்பதைத் தமிழ் வரிவடிவம் காட்டாது. கிராம் என்ற அறிஞரின் பெயரும் எடையளவும் ஒன்றாகவே நிற்பது எளிதில் விளங்கிக்கொள்ளக்கூடிய குழப்பம்.

தடுப்பூசிப் பட்டியலில் இது விளையாட்டாக இராது. டெட்டனஸ் டாக்ஸாய்டு மட்டும் கொண்ட ஊசி ஒன்று. குழந்தைகளுக்கான, டிப்தீரியா அளவு மிகுந்த ஊசி மற்றொன்று. பெரியவர்க்கான, டிப்தீரியா அளவு குறைந்த ஊசி மூன்றாவது. 2019இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் முதலாவதன் இடத்தில் மூன்றாவது கொண்டுவரப்பட்டது. ஆங்கிலத்தில் எழுத்தின் வரிசையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இம்மூன்றையும் பிரித்துக் காட்டுகின்றன. தமிழில் மூன்றும் ‘டிடி’. பட்டியலைப் பார்த்து ஊசியை எடுக்கும் கைக்கு, எது யாருக்கு என்பதை அவ்வெழுத்துகள் சொல்வதில்லை. ‘ரணஜன்னி மட்டும்’, ‘தொண்டை அடைப்பானும் ரணஜன்னியும், குழந்தைகளுக்கு’, ‘பெரியவர்க்கு’ என்று நோயின் பெயரையும் வயதையும் விரித்தெழுதுவதே இங்குப் பாதுகாப்பானது. குறுக்கங்களும் அட்டவணைகளும் மலிந்த நூலைத் தமிழாக்கத் தேர்வது ஏன் இடர்மிக்கது என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டும்.

உரைநடையின் இயல்பு

தேர்வை நோக்கமாகக் கொண்ட நூல்கள் வினைமுற்றுகளை விலக்கி, குறிப்புத் தொடர்களாலேயே செய்தியைத் தருகின்றன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிடைப்பவை வேற்றுமைத்தொகைகள். ‘மேக்ரோஃபேஜ் அழிப்பு’ என்பது மேக்ரோஃபேஜை அழித்தலா, மேக்ரோஃபேஜால் அழித்தலா? புலி யானையைக் கொன்றதா, யானை புலியைக் கொன்றதா என்று உரையாசிரியர்கள் எழுப்பிய பழைய ஐயமே ஆய்வக உடையில் திரும்பி வருகிறது. காசநோய்க் கிருமி தன்னை விழுங்கிய செல்லிலேயே வாழ்கிறது. எனவே இங்கு இரு விரிவுகளும் உண்மையாக இருக்கக்கூடும், பொருளறிவைக் கொண்டு ஒன்றைத் தள்ள இயலாது. தொடர்ந்த பத்திகளில், எழுவாயும் பயனிலையும் பொருந்த எழுதப்பட்ட நூல் சற்று நீளமாயினும் தமிழுக்கு இணக்கமானது. அனந்தநாராயணன், பணிக்கர் நூலின் பழைய பதிப்புகளில் கண்டுபிடிப்பின் வரலாற்றோடு செய்தி சொல்லப்படும் நடை இதற்குப் பொருந்திவரும். அயல்நாட்டு நூல்களில் ஒதுக்குப்புறமாக நிற்கும் வைடால் சோதனை போன்றவை அதில் உரிய இடம் பெறுவதும் நம் மாணவர்க்கு வேண்டியதே.

நூலைத் தேர்வு செய்யும் குழு, ஒப்பந்தம் எழுதுமுன் இரண்டு பகுதிகளை மட்டும் தமிழாக்கிப் பார்க்கலாம். ஒன்று மிகையுணர்வு பற்றிய இயல். மற்றொன்று தடுப்பூசி அட்டவணை. முதலாவதைத் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்த முதலாண்டு மாணவரிடம் கொடுத்து, நான்கு வகைகளையும் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். இரண்டாவதை ஊசி போடும் கிராமச் செவிலியரிடம் கொடுத்து, எந்த வயதினர்க்கு எந்தக் குப்பி என்று எடுத்துக்காட்டச் சொல்ல வேண்டும்.