வீட்ல பிபி மெஷின் இருக்கா? ஒரு தடவை பார்த்தா போதாது!

மாதவரத்தில் இருந்து மணலி, எண்ணூர் வரை கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஏராளம். தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லையென்றால், 'எனக்கு எதுக்கு பிபி செக்கப்?' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். சிக்கலே அங்கேதான். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பிபி கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம்தான்.

மெஷின் எப்படி அளக்குது?

கையில் சுற்றும் பட்டை காற்றால் இறுகி, பிறகு மெல்லத் தளரும். அப்போது ரத்தக்குழாயில் ஏற்படும் அதிர்வுகளை சென்சார் பிடித்து, அதை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் மெஷின் கணக்கிடுகிறது. ஸ்டெதஸ்கோப், பாதரசம் எதுவும் தேவையில்லை.

டாக்டர் பார்த்தா அதிகம், வீட்ல நார்மல்?

இது சகஜம். மருத்துவமனைப் பதற்றத்தில் பிபி ஏறும். சிலருக்கு நேர்மாறாக, அங்கே நார்மலாகக் காட்டி வீட்டில் எகிறும். இது கண்ணில் படாமலேயே போகலாம். அதனால்தான் வீட்டு அளவு முக்கியம். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால், வீட்டுச் சராசரிக்கு 135/85.

சரியா எடுப்பது எப்படி?

* அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள்.
* முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் அமைதியாக இருங்கள். கால் மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.
* மேல்கையில், இதய உயரத்தில் பட்டை இருக்கட்டும். சின்ன பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்.
* 1 நிமிட இடைவெளியில் 2 முறை, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி எடுங்கள்.
* ஷிஃப்ட் மாறுகிறவர்கள் எழுந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை.

மணிக்கட்டு மெஷினை விட மேல்கை மெஷின் நம்பகமானது. இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு மெஷின் தவறாகக் காட்டலாம், அவர்கள் டாக்டரிடம் கேட்பது நல்லது.

அதுக்கப்புறம் என்ன?

நம்பர் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ஏழு நாள் குறிப்பை மொபைலில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். டோஸ் கூட்டணுமா, குறைக்கணுமா என்பதை அவர் முடிவு செய்வார். பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிபி பார்த்து மாத்திரை இலவசமாகத் தருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயதான அப்பா, அம்மாவுக்கு வீட்டுக்கே மாத்திரை வரும்.

180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.