எட்டும் நடுக்கமும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பிறரைத் தேர்வுக்கு அனுப்பிவைத்த நான், அறுபத்து நான்காம் வயதில் ஒரு தேர்வில் தோற்றேன். மோட்டார் சைக்கிள் ஓட்டும் தேர்வு அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. அந்தத் தோல்வியைப் பற்றியும், அதற்குக் காரணமாயிருந்த நடுக்கத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். உங்களுள் பலர் பதினெட்டு வயது நிறைந்ததும் உரிமம் வாங்கும் எண்ணத்தோடு இருப்பீர்கள். ஆதலால் இதனை ஒரு முதியவரின் சொந்தக் கதை என்று மட்டும் தள்ளிவிடமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பணியிலிருந்த காலமெல்லாம் எனக்குச் சைக்கிளே போதுமானதாக இருந்தது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். அதை என் துணைவியாரும் நானும் பல்லாண்டுகள் நடந்தே சுற்றினோம். பின்னர் அவருக்கு மூட்டுவலி வந்தது. மருத்துவரிடம் செல்வதற்கும், கிழக்கு வாயிலில் இறங்கி 217 அடி உயரக் கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துத் திரும்புவதற்கும் ஆட்டோவுக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. “ஒரு வண்டி வாங்கி ஓட்டப் பழகினால் என்ன?” என்று அவர்தாம் கேட்டார். கேட்டவர் அதன்பின் மூன்று மாதம் கவலைப்பட்டார் என்பது வேறு செய்தி.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று முப்பது நாட்களேனும் கழிந்த பின்னரே ஓட்டுந் தேர்வுக்கு வரலாம். என்னைப் போல் நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றும் தரவேண்டும். தேர்வில் தவறினால் 7 நாட்கள் கழித்து மறுபடியும் வரலாம். மூன்று முறையும் தவறியவர் மட்டும் 60 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். இத்தனை முறை தோற்றார் என்று உரிமத்தில் எங்கும் எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளை நினைத்துப் பார்க்கையில், சட்டம் நம்மைவிடக் கருணையுள்ளதாகவே எனக்குப் படுகிறது.

தேர்வில் செய்யவேண்டியது பார்வைக்கு மிக எளிது. தரையில் எட்டு என்னும் எண்ணின் வடிவில் வண்டியை ஓட்டிவர வேண்டும்; காலைக் கீழே ஊன்றக்கூடாது. ‘எட்டுப் போடுதல்’ என்று நம் ஊர்களில் இதற்குப் பெயர். எங்கள் மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருப்பதால் எட்டு எனக்குக் கைவந்த எண் என்று நண்பர் ஒருவர் கேலி செய்து அனுப்பினார்.

அன்று திடலில் நாற்பது பேர் இருந்தோம். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் தன் ஸ்கூட்டரில் வந்து, கோலம் போடுவதுபோல எட்டுப் போட்டுவிட்டுச் சென்றாள். அடுத்து என் பெயரை அழைத்தார்கள். வரிசையிலிருந்து, “சார், நீங்களா!” என்று ஒரு குரல் எழுந்தது. திரும்பினேன். என்னிடம் படித்தவர்கள் மூவர் அங்கே நின்றார்கள். அவ்வளவுதான்; தலைக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. வண்டியைக் கிளப்பினேன். முதல் வளைவு ஒருவாறு முடிந்தது. இரண்டாம் வளைவில் திரும்பும்போது எஞ்சின் திடீரென உறுமியது, அஞ்சிக் கிளட்சை முழுவதும் பிடித்தேன், வண்டி சாய்ந்தது, வலக்கால் தரையில் ஊன்றியது. மோட்டார் வாகன ஆய்வாளர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “அடுத்த வாரம் வாருங்கள், ஐயா” என்றார். அந்த மரியாதையே எனக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்து ஆராய்ந்தேன். முப்பது நாட்கள் விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் நூறு முறையேனும் எட்டுப் போட்டவன் நான். அன்று மட்டும் எங்கே போயிற்று அந்தப் பழக்கம்?

இதற்கு விடை காண, இருசக்கர வண்டி எவ்வாறு விழாமல் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கையில் ஒரு கோலை நிறுத்தி விளையாடும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். கோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அவன் கையை நகர்த்துகிறான். அடி, சாயும் தலைக்குக் கீழே வந்து சேர்கிறது. வண்டியிலும் அப்படித்தான். அது இடப்புறம் சாய்ந்தால் முன்சக்கரம் சிறிது இடப்புறம் திரும்ப வேண்டும். வலப்புறம் சாய்ந்தால் வலப்புறம். விரைவாகச் செல்லும் வண்டி இந்தத் திருத்தத்தில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்ளும். நடை வேகத்தில் ஊரும் வண்டிக்கு அந்த ஆற்றல் குறைவு. ஓட்டுபவனுடைய கைகளே நொடிக்கு நொடி நுண்மையாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். எட்டுப் போடுவது நடை வேகத்தில் நிகழ்வது. ஆகவே அங்கே கைகள் தளர்ந்திருத்தல் இன்றியமையாதது.

அஞ்சியவன் கை எப்படியிருக்கும்? இறுகியிருக்கும். இறுகிய கை முன்சக்கரத்தைத் திருத்த விடாது. வலக்கை இறுகும்போது ஆக்சிலேட்டரும் சேர்ந்து முறுக்கப்படும். எஞ்சின் உறுமியதன் காரணம் அதுவே. கண்ணும் தவறு செய்தது. போகவேண்டிய இடத்தைப் பாராமல் முன்சக்கரத்தின் அடியிலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் பார்ப்பவனுக்கு வளைவு முழுதாகத் தெரியாது; தெரியாத வளைவில் திரும்புவது எங்ஙனம்?

கையை இறுகச் செய்தது எது? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் என்பவர், அச்சத்தாலும் சினத்தாலும் உடலில் நிகழும் மாறுதல்களை ஆராய்ந்து 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து நேரும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் கலக்கிறது, இதயம் விரைகிறது, குருதியில் சர்க்கரை மிகுகிறது, தசைகள் ஓடவோ போரிடவோ ஆயத்தமாகின்றன. புலியைக் கண்டவனுக்கு இது பேருதவி. ஆனால் தேர்வுக்கூடத்துக்கும் புலிக்கும் உடல் வேறுபாடு காண்பதில்லை. கடினமான தேர்வு எழுதிய மருத்துவ மாணவர் ஒன்பதின்மரில் நால்வருடைய சிறுநீரில் தேர்வுக்குப் பின் சர்க்கரை காணப்பட்டது. எளிய தேர்வுக்குப் பின்போ ஒருவருக்கே காணப்பட்டது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய கால்பந்துப் போட்டிக்குப் பின் 25 ஆட்டக்காரர்களைச் சோதித்தபோது 12 பேரிடம் சர்க்கரை இருந்தது. அந்தப் பன்னிருவரில் ஐவர் ஆடவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்!

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அச்சம் எல்லாரையும் கெடுப்பதில்லையே? பார்வையாளர் கூடினால் சிலர் இன்னும் நன்றாகச் செய்கிறார்களே? 1898இல் நார்மன் டிரிப்லெட் என்னும் ஆய்வாளர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறருடன் ஓட்டும்போது விரைவாகச் செல்வதைக் கண்டு எழுதினார். பிறர் முன்னிலையில் கெடுபவர்களும் இருப்பது எப்படி என்பதற்கு 1965இல் ராபர்ட் ஸயோன்ஸ் விளக்கம் தந்தார். பிறர் பார்க்கும்போது, நம்முள் எது மிக ஆழமாகப் படிந்திருக்கிறதோ அதுவே முன்னுக்கு வருகிறது. சரியான பழக்கம் ஆழப் படிந்திருந்தால் அது சிறக்கும். அரைகுறையாகப் படிந்திருந்தால் பிழை முந்திக்கொள்ளும். 1969இல் அவரும் உடனாய்வாளரும் இதைக் கரப்பான் பூச்சிகளிடமே சோதித்தனர். வெளிச்சத்துக்கு அஞ்சி நேர்வழியில் ஓடிய கரப்பான், பக்கத்துப் பெட்டிகளில் வேறு கரப்பான்கள் ‘பார்த்துக்கொண்டிருந்தபோது’ விரைந்து ஓடியது. திருப்பமுள்ள வழியிலோ, பார்வையாளர் இருந்தபோது அது மேலும் காலம் தாழ்த்தியது. நேர்ச்சாலையில் நன்றாக ஓட்டிய நான் எட்டில் தடுமாறியதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை. கரப்பானோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ளத் தலைமையாசிரியருக்குச் சிறிது மனத்துணிவு வேண்டும்தான்.

இனி நான் சொல்லவேண்டியது சற்றுக் கடினமானது.

எனக்கு வண்டி பழக்கியவர் செங்கம் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவரும் என் மாணவரே. 1994இல் பள்ளி ஆண்டாய்வின்போது ஆய்வாளர் முன்னிலையில் மனப்பாடச் செய்யுள் ஒன்றை ஒப்புவிக்க அவரை எழுப்பினேன். முதல்நாள் பிழையின்றி ஒப்புவித்த பையன், அன்று வாய் திறக்கவில்லை. “பயப்படாமல் சொல்” என்றேன். நின்றான். மீண்டும் சொன்னேன். பின்பு எல்லார் முன்னிலையிலும், “படித்தால்தானே வரும்” என்று கடிந்து உட்கார வைத்தேன். அவன் படித்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு அவன் பள்ளியைவிட்டு நின்றதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கு அதில் பங்கே இல்லை என்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

தோற்ற அன்று மாலை பட்டறைக்குப் போனேன். கை இறுகிய விதத்தை விவரித்தேன். அப்போது அந்த ஆண்டாய்வு நாள் தானாகவே வாயில் வந்துவிட்டது. “தம்பி, அன்றைக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது” என்றேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “நீங்கள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தால் சொல்லியிருப்பேன், சார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பயிற்சி மாறியது. ஆளில்லாத மைதானம் வேண்டாம் என்றார். தேநீர்க் கடையில் நின்றவர்களையும் பட்டறைப் பையன்களையும் அழைத்து வந்து வரிசையாக நிறுத்தினார். முதல் நாள் அவர்கள் சிரித்தார்கள். நான் மூன்று முறை காலை ஊன்றினேன். மூன்றாம் நாள் அவர்களுக்கே சலித்துவிட்டது. ஐந்தாம் நாள் அவர்கள் தமக்குள் பேசத் தொடங்கினார்கள். நானும் அவர்களை மறந்தேன். தேர்வு எத்தகைய சூழலில் நடக்குமோ அத்தகைய சூழலில் பழகுதல் என்பது இதுவே. எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கைவேலையிலும் சில திருத்தங்கள் செய்தார். கிளட்சை முழுவதும் பிடிக்காமலும் முழுவதும் விடாமலும் நடுவில் வைத்துப் பழக்கினார். எஞ்சினின் இழுப்பு ஒரே சீராக இருக்கும்படி ஆக்சிலேட்டரை அசையாமல் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் தணிக்கச் சொன்னார். குறுகிய வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சட்டென மடியும். அதை அறவே விலக்கச் செய்தார். முழங்கைகள் மடங்கியிருக்க வேண்டும். கண் வளைவின் மறுமுனையில் இருக்க வேண்டும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடவேண்டும். மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணிகிறது, தோளும் இறங்குகிறது.

நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. 2011இல் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் என்னும் இருவர், தேர்வுக்குச் சற்று முன் தம் கவலைகளைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் மேலும் நன்றாகத் தேர்வு எழுதியதாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கவலை மனத்தில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தாளில் இறக்கினால் இடம் ஒழிகிறது என்பது அவர்கள் கருத்து. இரண்டாம் தேர்வன்று காலையில் நானும் எழுதினேன். ‘பழைய மாணவர்கள் சிரிப்பார்கள்’ என்று தொடங்கினேன். அரைப் பக்கம் எழுதியதும், அவர்கள் சிரித்தால் எனக்கு நேரும் இழப்பு என்ன என்பதற்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

அச்சம் முழுதும் ஒழிய வேண்டும் என்றும் எண்ணாதீர்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பௌர்ணமி இரவில் கூட்டம் நெருங்கும் தேரடி வீதியில் அச்சமே இல்லாமல் வண்டி ஓட்டுபவனுக்குப் பின்னால் அமர நான் இசையமாட்டேன். அவ்வீதியில் காலூன்றாமல் மெல்ல ஊர்ந்து செல்லத் தெரிகிறதா என்பதைத்தான் அந்த எட்டு சோதிக்கிறது.

இரண்டாம் முறை என் பெயரை அழைத்தபோதும் கை நடுங்கியது. முன்னிலும் குறைவாக நடுங்கியது என்று சொன்னால் பொய்யாகும். மூச்சை நீளமாக விட்டேன்; திடலின் கோடியில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தேன்; கிளட்ச் பாதியில் நின்றது. முதல் வளைவு முடிந்தது. இரண்டாம் வளைவும் முடிந்தது. முடிந்ததை அறியாமல் இன்னொரு சுற்றும் தொடங்கிவிட்டேன். “ஐயா, ஒரு எட்டுப் போதும்!” என்று ஆய்வாளர் உரக்கச் சொன்ன பிறகே நிறுத்தினேன்.

மெக்கானிக்கும் அன்று வந்திருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாயிலுக்கு வந்தபோது அவரைக் கண்டேன். வேலிக்கு வெளியே, திடலுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.