பிள்ளைக்குப் போட்ட ஊசி எத்தனை வருஷம் காக்கும்?



மாட்டுக்குக் கோமாரி ஊசியை ஆறு மாசத்துக்கு ஒருமுறை போடணும் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். அதனாலோ என்னவோ, "பிள்ளைக்குப் பிறந்ததும் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசி இந்நேரம் தீர்ந்திருக்குமே, மறுபடி போடணுமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முறைப்படி எல்லாத் தவணையும் போட்ட பிள்ளைக்கு வேண்டியதில்லை. குறைந்தது இருபது வருஷம், பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் காக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவின் அலாஸ்கா கிராமங்களில் 1981-ல் ஊசி போட்டுக்கொண்டவர்களை முப்பது வருஷம் கழித்துச் சோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்பு இருந்தது.

இதிலே ஒரு விசித்திரம். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைந்துதான் போயிருந்தது. அறுவடையான வயலைப் பார்த்து, இந்த வீட்டில் நெல்லே கிடையாது என்று சொல்லலாமா? குதிரில் விதைநெல் இருக்கிறதே! கிருமியை அடையாளம் தெரிந்த அணுக்கள் உடம்பில் அப்படித்தான் தங்கியிருக்கின்றன. கிருமி வந்தால் முளைத்து எழும்ப அவகாசம் வேணும். கோமாரிக் கிருமி சில நாளிலேயே மாட்டைப் படுக்கப் போட்டுவிடும். ஹெபடைடிஸ் பி தலைகாட்ட இரண்டு மூன்று மாசம் ஆகும். அதற்குள் உடம்பு தயாராகிவிடும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் விஷயம் வேறே. அவர்கள் டாக்டரிடம் கேட்கணும்.

நான் கவலைப்படுவது மறு ஊசியைப் பற்றி அல்ல, முதல் ஊசியைப் பற்றி. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்குக் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். பிற்பாடு கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்வது அதற்காகத்தான். பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்க்கான ஊசியோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

"ஊசி போட்டும் காமாலை வந்ததே" என்பார்கள் சிலர். அசுத்தத் தண்ணீரால் வருவது ஏ, இ என்ற வேறு வகைகள். பி வகை ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவது. பிறர் சவரம் செய்த பிளேடும் ஆகாது.

அரசுத் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுக்க வந்தது 2011-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பிறந்த பலருக்குப் போட்டிருக்காது. பெரியவர்களும் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் ஏதாவது தவணை விட்டிருந்தால், அட்டையோடு நர்சம்மாவைப் போய்ப் பாருங்கள்.