லேகியத்துக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. விறைப்புக் குறைந்தால் ஆண்கள் அங்கே போக வெட்கப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி லாட்ஜ் அறை வைத்தியரைத் தேடிப் போகிறார்கள். காப்பித் தோட்ட மேஸ்திரி முதல் காட்டேஜ் நடத்துபவர் வரை இதே கதைதான். ஆயிரக்கணக்கில் லேகியத்துக்குக் கொட்டிவிட்டு, கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிகிறது.

ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை செய்யும் சேதம் அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்பு குறைந்தவர்கள் உண்டு. குடி, மன உளைச்சல், சில கொதிப்பு மாத்திரைகளும் காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் விறைப்பு இருந்து மனைவியிடம் மட்டும் இல்லையென்றால், காரணம் பெரும்பாலும் மனத்தில் இருக்கும். விந்து முந்துவதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. தூக்கத்தில் விந்து போவது நோயே அல்ல. அதைச் சொல்லி விடலைப் பையன்களை மிரட்டிப் பணம் பிடுங்குவது பகல் கொள்ளை.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. “சர்க்கரை, பிரஷர் பார்க்கணும்” என்றால் போதும். மீதியை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் காலை நேரத்தில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அடுத்த கட்டத்துக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆணுறுப்பில் புண்ணோ சீழோ இருந்தால் மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. உங்கள் சம்மதமின்றி அந்தப் பரிசோதனை முடிவை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது; ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ‘மூலிகை’ என்று விற்பதிலும் அதைக் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: இதய நோயாளிகள் பெயர் தெரியாத பொடியைக்கூட வாயில் வைக்காதீர்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். முறுக்கிக்கொண்ட விரையைக் காப்பாற்ற ஆறு மணி நேரம்போலத்தான் கிடைக்கும், அதில் மலை இறங்கும் நேரமும் அடக்கம். உடனே 108.

ஆண்மை பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம்வரை சிறை. ஆனாலும் சுவரெல்லாம் சுவரொட்டி! எழுத்தில் புகார் வராமல் அதிகாரிகள் கண்ணைத் திறப்பதில்லை. அதனால் எழுதிக் கொடுங்கள். சுவரொட்டியின் படம், ஒட்டியிருந்த இடம், தேதி, மருந்து உறையிலுள்ள உரிம எண், பேட்ச் எண், பில் எல்லாவற்றையும் இணையுங்கள். உறையைக் குப்பையில் போட்டுவிட்டால் சாட்சி போயிற்று. மாத்திரை என்றால் சேலம் மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கு. போலி மருத்துவர் என்றால் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுவில் ‘என் புகார் மீது எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று கேளுங்கள். முப்பது நாளில் சொல்லியாக வேண்டும். பறிகொடுத்த பணத்துக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் அங்கே கட்டணமே கிடையாது.