பிறநாட்டு உழவு யந்திரங்களும் கண்ணமங்கலத்துக் கழனிகளும்

வெளிதேசங்களுக்குப் பிரயாணம் செய்து திரும்பும் நமது குடியானவர்களிடம், அங்கே கண்ட விசேஷம் யாதென வினவினால், அநேகமாக யந்திரங்களின் பருமனையும் வேகத்தையுமே முதலில் எடுத்துரைக்கிறார்கள். ஒரே ஆள் அமர்ந்து ஓட்ட, ஒரு பெரும் புலம் மாலைக்குள் உழுது முடிவதைக் காண்பது வியப்புக்குரியதே. ஆயினும் உழவு யந்திரத்தைப் பார்ப்பதற்காக நாம் இனிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுதோறும் 8 லட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் விற்பனையாகின்றன. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், கண்ணமங்கலத்தில் சற்று நேரம் நின்றால், நெல் மூட்டையோ செங்கல்லோ ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதைக் காணலாம். ஆகையால் பிறதேசத்தில் நாம் கவனிக்கத்தக்கது யந்திரமன்று. அதனை அங்குள்ள குடிகள் வைத்து ஆளும் முறையே.

யந்திரம் மட்டும் வந்து சேர்ந்தால் போதாது என்பதற்கு நம் மாகாணத்திலேயே பழைய சான்று உண்டு. 1860-களில், கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்தில், சைதாப்பேட்டைப் பரிசோதனைப் பண்ணைக்காகச் சீமையிலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் வரவழைக்கப்பட்டன. நமது குடிகள் அந்த நீராவிக் கலப்பையைக் கைக்கொள்ளவில்லை. நூறாண்டு கழித்து நம் கழனியில் இறங்கிய யந்திரம் வேறு வகையினது. அயர்லாந்துத் தீவின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர் வகுத்த சாம்பல் நிறச் சிறு டிராக்டரே அதன் மூதாதை. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை அது 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இன்றும் அந்நாட்டுக் கிராமப் பொருட்காட்சிகளில் துடைத்துப் பளபளப்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்னாளில் கலப்பையை டிராக்டரின் பின்னே வெறுமனே இழுக்கக் கட்டினார்கள். கொழு பாறையில் மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன்புறம் எழும்பிக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றதும் உண்டு. ஃபெர்குசன் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று முனைகளில் கருவியைப் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏறி இறங்கச் செய்தார். இதனால் கலப்பையின் பாரம் பின்சக்கரத்தின்மேல் விழுந்து, எடை குறைந்த யந்திரமும் கனத்த யந்திரத்தின் வேலையைச் செய்தது. அவருடைய கம்பெனி 1953-இல் கனடா தேசத்து மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே கம்பெனி அந்த மாஸி ஃபெர்குசன் மரபிலேயே டிராக்டர் செய்யத் தொடங்கியது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரானாலும், அதன் பின்னே கொத்துக்கலப்பையைத் தூக்கி இறக்கும் கைகள் அவர் வகுத்த முறையினவே.

இனி, நம்மைப் போலவே சிறுநிலமும் நெல்லும் உடைய ஜப்பான் தேசத்தைப் பார்ப்போம். அந்நாட்டுக் கிராமத்தில் முதலில் கண்ணைக் கவர்வது கழனிகளின் ஒழுங்கு. 1960-களிலிருந்து சர்க்கார் உதவியுடன் துண்டு நிலங்களை மாற்றி இணைத்து, 30 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும், அதாவது ஏறக்குறைய முக்கால் ஏக்கர் கொண்ட சதுக்கங்களாக அவற்றை அமைத்தார்கள். ஒவ்வொரு சதுக்கத்துக்கும் தனிப்பாதை, தனி வாய்க்கால், தனி வடிகால் உண்டு. பக்கத்துக் கழனிக்காரரின் பயிரை மிதிக்காமல் யந்திரம் உள்ளே இறங்கலாம். கையால் தள்ளி நடத்தும் சிறு உழவு யந்திரம் 1950-களிலும், தட்டுகளில் வளர்த்த நாற்றை நடும் யந்திரம் 1970-களிலும் அங்கே பரவின.

இவ்வளவும் புகழத்தக்கதே. ஆனால் ஒரு வீட்டுக்கு ஓர் உழவு யந்திரம், ஒரு நடவு யந்திரம், ஓர் அறுவடை யந்திரம் என்று ஒவ்வொரு குடியும் தனித்தனியே வாங்கிற்று. நடவு யந்திரம் ஆண்டில் சில நாட்களே வேலை செய்து, எஞ்சிய காலமெல்லாம் கொட்டகையில் தூங்கியது. கடன் தவணையைக் கட்டுவதற்காகக் குடும்பத் தலைவர் பட்டணத்துத் தொழிற்சாலைக்குச் சென்றார். தாத்தா, பாட்டி, தாய் ஆகிய மூவரே நிலத்தைப் பார்த்தார்கள். ‘மூவர் வேளாண்மை’ என்னும் கருத்துடைய ஒரு சொல்லே அக்காலத்தில் அந்நாட்டில் வழங்கலாயிற்று. யந்திரம் வாங்கியதால் நேர்ந்த எளிமையைக் குறிக்க ‘யந்திர வறுமை’ என்று பொருள்படும் மற்றொரு சொல்லும் பிறந்தது. வேலையைக் குறைக்க வந்த யந்திரம் கழனிக்காரரைக் கழனியைவிட்டே வெளியேற்றியது எத்தகைய விபரீதம்! 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அங்கே விவசாயத்தையே முதன்மையாகக் கொண்டோரின் சராசரி வயது 67-க்கு மேல். இப்போது பல கிராமங்களில் ஊரார் கூடி யந்திரங்களைப் பொதுவில் வைத்துப் பயிரிடும் ஏற்பாடு நடைபெறுகிறது.

நமது நிலைமை யாது? 2015-16-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஐந்து ஏக்கர் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகத்துக்கு நான்கு சால் உழவு, ஆண்டுக்கு இரண்டு போகம், ஏக்கருக்கு ஒரு சாலுக்கு ஒரு மணி நேரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 40 மணி நேரமே ஆகிறது. ஐந்து நாள் வேலை. ஏழு லட்சம் ரூபாய் கடனில் நூற்றுக்குப் பத்து வட்டியென வைத்தால், முதலாண்டு வட்டி 70,000 ரூபாய். அதை 40 மணியால் வகுக்க, மணி ஒன்றுக்கு 1,750 ரூபாய் வட்டி மட்டும் விழுகிறது. டீசலும் ஓட்டுநர் கூலியும் தேய்மானமும் இதில் சேரவில்லை. அதே யந்திரம் 400 மணி நேரம் உழைத்தால் வட்டி மணிக்கு 175 ரூபாயே. கண்ணமங்கலம், ஆரணிப் பக்கத்து நெசவாளருக்கு இந்தக் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி இல்லையென்று அவர் அறிவார். டிராக்டர் மட்டும் முந்நூறு நாள் நின்றாலும், வாசலில் நிற்பது கௌரவம் என்று எண்ணுகிறோம். கௌரவத்துக்கும் வட்டி உண்டு.

ஜெர்மனி தேசத்தில் 2020-இல் சராசரிப் பண்ணை ஏறக்குறைய 63 ஹெக்டேர். அதன் தென்பகுதியான பவேரியாவில் இதைவிடச் சிறியவை. நமது கண்ணுக்கு அவர்கள் பெரிய மிராசுதாரர்களே. அவர்களும் எல்லா யந்திரத்தையும் தாமே வாங்குவது கட்டுப்படியாகாது என்று கண்டார்கள். 1958-இல் கீழ்ப் பவேரியாவிலுள்ள புக்ஹோஃபன் என்னும் கிராமத்தில் எரிக் கெய்ர்ஸ்பெர்கர் என்பவரின் யோசனைப்படி முதலாவது யந்திர வட்டம் ஏற்பட்டது. இவ்வட்டத்தின் விதி மிக எளியது. யந்திரம் அவரவர் சொத்தாகவே இருக்கும். ஒருவர் பெரிய அறுவடை யந்திரமும் மற்றொருவர் விதைப்புக் கருவியும் வைத்திருப்பார்; தம் வேலை முடிந்தபின் முன்கூட்டி நிர்ணயித்த கூலிக்கு மற்றோருக்கு வேலை செய்து கொடுப்பார். யாருக்கு என்றைக்கு என்ன வேண்டும் என்பதைச் சம்பளம் பெறும் ஒரு மேலாளர் ஒழுங்கு செய்வார். இன்று அந்நாடு முழுவதும் இத்தகைய வட்டங்கள் இருநூற்றுக்கு மேல் உள்ளன. பண்ணைக்காரர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தால், அவருடைய பசுக்களைக் கறக்க ஆள் அனுப்புவதும் வட்டத்தின் வேலைகளில் ஒன்று.

அந்த மேலாளரை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமா? ஏரிப் பாசனத்தில் இன்னார் கழனிக்கு இன்ன நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சும் நீர்க்கட்டியை நமது முன்னோர் எப்போதோ ஏற்படுத்தினார்கள். தண்ணீர் அவருடையதன்று, முறையே அவருடையது. ஆயினும் அவர் சொல்லுக்குப் பெரிய கழனிக்காரரும் கட்டுப்பட்டார். யந்திரத்துக்கும் அத்தகைய நீர்க்கட்டி ஒருவர் வேண்டும்.

சர்க்கார் தரப்பில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் முதலியவற்றை வாடகைக்கு விடுகிறது. 2018-இல் தொடங்கிய உழவன் செயலியிலும் வாடகை யந்திர விவரம் பெறலாம். 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. அதில் நூறு சிறு, குறு விவசாயிகள் கொண்ட ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. ஆனால் பணத்தால் யந்திரம் வாங்கலாம், முறையை வாங்க இயலாது. குழுத் தலைவரின் வாசலில் நிற்கும் யந்திரம் விரைவில் அவருடைய யந்திரமாகவே கருதப்பட்டுவிடும்.

இங்கே நமது மிராசுதாரர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்வார்கள். ஆடியில் ஒரு மழை பெய்தால் கொல்லைக்காரர் அனைவருக்கும் அந்த மூன்று நாட்களுக்குள் மல்லாட்டை விதைத்தாக வேண்டுமே. பொது யந்திரம் யாருக்குப் போகும்? ஒரே ஊரளவில் வட்டம் அமைத்தால் இந்த ஆட்சேபத்துக்கு மறுமொழியில்லை; அத்தகைய வட்டம் முதல் பருவத்திலேயே சண்டையில் முடியும். ஆகவே வட்டம் அகலமாக இருத்தல் அவசியம். ஜவ்வாது மலையடிவாரத்து மானாவாரிக் கொல்லையின் உழவுப் பருவமும், ஆரணிப் பக்கத்துக் கிணற்றுப் பாசனக் கழனியில் நவரைக்குச் சேறடிக்கும் பருவமும் வேறு. சந்தவாசல் முதல் ஆரணி வரை ஒரே வட்டமானால், ஓரிடத்தில் ஓய்ந்த யந்திரம் மற்றோரிடத்துக்குச் செல்லும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு இரண்டு விஷயங்கள். புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறித்துள்ள புறம்போக்குகள் பல ஊர்களில் வரப்போடு வரப்பாகக் கரைந்துவிட்டன. மாட்டு ஏர் வரப்பின்மேல் நடந்து போய்விடும். அறுவடை யந்திரம் போகாது. ஜப்பானியர் பெருஞ்செலவில் புதிதாக உண்டாக்கிய பாதை நமக்கு ஆவணத்தில் ஏற்கனவே இருக்கிறது. அளந்து கல் நட்டால் போதும். இரண்டாவது, சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் டிராக்டரை ஓட்டுவது. ஜெர்மனியில் சாலையில் சேறு சிந்தினால் சிந்தியவரே உடனே துடைக்க வேண்டுமென்று சட்டம். இங்கே சாலையையே கீறிச் செல்வோரை எவரும் கேட்பதில்லை.

ஓட்டுநர் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவிழ்ந்தாலும் நசுங்காதபடி இருக்கையின்மேல் அமைக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு 1959-இல் முதன்முதல் கட்டாயமாக்கியது ஸ்வீடன். பின்னர் அங்கே கவிழ்ந்து மாள்வோர் மிகவும் குறைந்தனர். ஜெர்மனி 1970-இல் அதைப் பின்பற்றியது. கிணற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் ஓட்டும் நமக்கு அச்சட்டம் அவர்களைவிட அதிகம் தேவை. ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்குச் செல்லும் பெண்டு பிள்ளைகளை டிரெய்லரில் நிறைத்து ஏற்றுவதும் நிற்க வேண்டும்.

வட்டம் அமைக்க விரும்புவோர் பருவம் பிறந்தபின் கூடுவதில் பயனில்லை. சித்திரையிலேயே நாலைந்து ஊரார் கூடி, யாரிடம் எந்தக் கருவி உள்ளது, மணிக்கு என்ன கூலி, டீசல் யாருடையது, பழுதானால் செலவு யார் பொறுப்பு என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். முறை வைப்பவர் டிராக்டர் உடையவராக இருத்தல் ஆகாது. அவருக்குரிய சம்பளத்தை மணிக்கூலியிலிருந்தே ஒரு பங்காகப் பிடித்துக்கொள்ளலாம்.